புஷ்பலீலா கட்டியிருந்த புடவை

சனிக்கிழமை காலையில், பசாருக்கு எதிரே, மீன் வண்டிகள் தண்ணீர் சிந்திவிட்டுப் போன சிமென்டுத் தரையில், ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்ற புஷ்பலீலாவின் புடவையை நாங்கள் இழுக்கத் தொடங்கினோம், இழுக்க இழுக்க அது முடியவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஏன் முடியவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், மழை ஏன் விடவில்லை என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். எங்கள் ஊரான சுங்கை மெலாத்தியில் நவம்பர் மாதத்தில் அந்தக் கேள்விக்கும் யாரிடமும் பதில் கிடையாது.

புஷ்பலீலா தெய்வானையின் மகள். பெற்ற மகள் இல்லை என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை, முகமே சொல்லிவிடும். புலி வருஷத்தில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று ஆற்றோரத்துச் சீனர் வீடு ஒன்று தொப்புள்கொடி காய்வதற்குள் அவளைக் கொடுத்துவிட, பிள்ளையில்லாமல் கோயில் கோயிலாக நடந்துகொண்டிருந்த தெய்வானை வாங்கிக்கொண்டாள், வீட்டுக்கு வந்து காதுகுத்திப் பொட்டு வைத்தாள், தமிழ்ப்பள்ளியில் சேர்த்தாள். இந்த நாட்டில் இது புதுமையில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் இப்படி ஒரு சீனப் பிள்ளை பாவாடை கட்டித் தீச்சட்டி ஏந்தி வளர்ந்திருக்கிறது. புஷ்பலீலா வந்த சில வருஷத்தில் தெய்வானைக்கு யோகேந்திரன் பிறந்தான். அங்கே ஆகாத புலி இங்கே ராசியான புலி என்று ஊர் பேசிக்கொண்டது.

வளர்ந்ததும் அவள் கோலாலம்பூருக்குப் போய் நிகழ்த்துகலைஞர் ஆனாள். அப்படியென்றால் என்ன வேலை என்று தெய்வானையிடம் கேட்டால், "நிக்கிறா, ஒக்கார்றா, சனங்க வந்து பாக்குறாங்க" என்பாள். ஒருமுறை கடைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வலதுகை பிசைந்து உண்ணவும் இடதுகை சோற்றுக்குச்சி பிடித்து உண்ணவுமாக ஒரே தட்டில் இரண்டு கைகளையும் சண்டைபிடிக்க விட்டிருக்கிறாள். இன்னொரு முறை ரயில் நிலையத்தில், 'நான் யார் என்று சரியாகச் சொல்பவருக்குக் கோப்பி வாங்கித் தருவேன்' என்று அட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்று, ஒருவருக்கும் கோப்பி வாங்கித் தராமல் திரும்பியிருக்கிறாள். எங்களுக்கு இதெல்லாம் கூத்து. கூத்துக்காரி வந்துட்டாளா என்று கேட்போம், தெய்வானை வீட்டுப் பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே.

அவள் எங்கள் ஊரில் எதுவும் செய்து காட்டியதில்லை. அந்தச் சனிக்கிழமை செய்ய வந்ததற்கு யோகேந்திரனின் நிச்சயதார்த்தம்தான் காரணம். பெண் தனுஷ்யா, பக்கத்துத் தெரு, நல்ல பிள்ளை. பெண்ணின் பெரியப்பா நடேசமூர்த்தி மாரியம்மன் கோயில் தலைவர், எதையும் நின்றுகொண்டேதான் பேசுவார். தட்டு மாற்றப் போகும்போது அவர் எழுந்தார்.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. நம்ம மொறையில மாப்ள ரெண்டு முடிச்சு, நாத்தனார் மூணாவது முடிச்சு. அது கூடப் பொறந்தவ போடணும், ரத்தம் வேணும் லா. எடுத்து வளத்த பொண்ணு, அதுவும் சீன மூஞ்சி, மணவறையில வந்து எங்க புள்ள கழுத்துல கைய வச்சா நாலு பேரு நாலு விதமா பேசுவான். ஒங்க கொழுந்தன் மக ரூபிணி இருக்குல்ல, அது போடட்டும்."

புஷ்பலீலா அம்மாவைப் பார்த்தாள். தெய்வானை குனிந்து தாம்பாளத்தில் வெற்றிலையை நேராக அடுக்கினாள், ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்து நீட்டினாள். யோகேந்திரன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பிக்கு நடைபழக்கியவள், அவன் முதல்நாள் பள்ளிக்கு அழுதபோது வகுப்புக்கு வெளியே நின்றவள், அந்த இரண்டு மௌனத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, பெரியப்பா சொன்னதைவிட அம்மா சொல்லாததுதான் வலிக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

அதனால்தான் பசாருக்கு வந்தாள். அம்மாவின் அலமாரியிலிருந்து எடுத்த பச்சைப் புடவை, மாம்பழ நிறக் கரை, உள்ளே ஆற்றோரத்துச் சீனப் பெண்கள் அந்தக் காலத்தில் போட்ட நீலச் சட்டையும் கால்சட்டையும். முந்தானையை எங்கள் பக்கமாக நீட்டிப்பிடித்து, "இழுங்க," என்றாள். "ரொம்ப நாளா எல்லாருக்கும் சந்தேகம். அடியில யாரு இருக்கான்னு பாத்துருவோம், வாங்க."

தமிழ்ப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொது இடத்தில் ஒரு பெண்ணின் புடவையை இழுப்பதாவது, பாஞ்சாலி சபதம் போட்டதெல்லாம் எதற்கு. ஆண்கள் கோப்பிக்கடைக்குள் பதுங்கினார்கள். கடைசியில், நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார அம்மா மக்சிக் ரொகாயாதான் முந்தானை சாக்கடையில் படப்போகிறது என்று பதறி, "கெசியான், கெசியான்" என்று பரிதாபப்பட்டுக்கொண்டே அதைச் சுருட்டித் தூக்கினாள். தூக்கத் தூக்க வந்தது. ஐயோ அவிழ்கிறதே என்று அவள் கொண்டுபோய்க் கொடுக்கப் பார்த்தாள், அப்போதும் வந்தது. பக்கத்திலிருந்தவள் உதவிக்குப் பிடித்தாள், இன்னும் வந்தது. புஷ்பலீலா முதலில் சுற்றிச் சுற்றி நின்றாள், பிறகு தலை சுற்றி அசையாமல் நின்றாள், குழாயைத் திறந்து வைத்ததுபோல் புடவை வந்துகொண்டேயிருந்தது, அதே பச்சை, அதே கரை, அம்மாவின் அலமாரிக் கற்பூர வாசம். மீன் பகுதியைத் தாண்டிக் காய்கறிப் பகுதிக்குப் போய், பேருந்து நிலையத்தைச் சுற்றிவிட்டு அந்தி சாயும்போது எங்களிடமே திரும்பி வந்தது. மரப்பெட்டியின்மேல் அவள் புடவை கட்டியபடியே நின்றாள், ஒரு மடிப்பும் கலையவில்லை.

"போதும்," என்றாள். எங்களுக்குப் போதவில்லை.

முதல் வாரம் ஊர் கொஞ்சம் தடுமாறியது, மறுக்க முடியாது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, பொது இடத்தில் துணி போட்டதற்கு அபராதம் எழுதலாமா, இவ்வளவு நீளத்துக்கு விதியே இல்லையே என்று தலையைச் சொறிந்துவிட்டு, போகும்போது தன் காருக்கு உறை தைக்க நாலு முழம் வெட்டிக்கொண்டு போனார். வெட்டினால் வெட்டுப்பட்டது, வெட்டிய இடத்தில் அடுத்த நாள் புது முந்தானை தழைந்தது, அதற்கு வலியில்லை என்றாள் புஷ்பலீலா. அதற்குப்பின் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. மக்சிக் ரொகாயா கடைக்குக் கூரை போட்டாள். கோப்பிக்கடை ஆ ஹெங் ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டார். சிங்க நடனக் குழு சிங்கத்துக்கு வால் தைத்தது. மலாய்க் கல்யாணத்தில் மணமக்கள் உட்காரும் மேடைக்குப் பின்னால் பச்சையாகத் தொங்கியது. ஆறு பெருகியபோது முறுக்கிக் கயிறாக்கிப் படகுகளைக் கட்டினார்கள். வேட்டி, பாவாடை, தூளி, கொசுவலை எல்லாம் பச்சை. பெருநாளென்றும் சீனப் புத்தாண்டென்றும் தீபாவளியென்றும் பார்க்காமல் எல்லா வீட்டுத் தின்பண்டத்துக்கும் அடியில் மாம்பழக் கரை விரிந்தது.

இழுப்பதற்கே ஒரு முறையும் வந்துவிட்டது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் ஒரு முழம், லாரி எடுப்பவர்கள் ஒரு முழம், பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து மூன்று முழம். தமிழர்களில் ஒரு கட்சி இது பாஞ்சாலி அருள் என்று அவள் வாசலில் சூடம் கொளுத்தியது, இன்னொரு கட்சி புடவையை இழுக்கிறவன் துச்சாதனன் என்று சண்டைக்கு வந்தது. வந்த இடத்தில் அவர்களும் ஆளுக்கு ஒரு முழம் வாங்கிக்கொண்டார்கள், சண்டைக்குக் கொடி வேண்டுமல்லவா. நடேசமூர்த்தி பெரியப்பா கோயிலுக்குப் பந்தல்துணி கேட்டு ஆளனுப்பினார், அவளும் கொடுத்தாள். "துணிய வாங்கிக்கிட்டீங்களே, முடிச்சு என்னாச்சு?" என்று கோப்பிக்கடையில் யாரோ கேட்டதற்கு, "துணி வேற, முடிச்சு வேற லா" என்றார். ஆமாம் என்று தலையாட்டியவர்கள் நாங்கள்தான், எங்கள் தலையில்தான் அந்தப் பச்சைத் துண்டு.

இத்தனைக்கும் நடுவில் ஒருத்திக்குத்தான் பொறுக்கவில்லை. அடியில் யார் என்று பார்க்கத்தான் அவள் வந்தாள். பார்க்க முடியவில்லை. நீலச் சட்டை உள்ளே எங்கேயோ இருந்தது, கழுத்தோரத்தில் கைவிட்டால் பச்சைத்துணிதான் கையில் வந்தது. உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் நடந்தாள், கூடத்திலிருந்து அடுப்படிக்கும் அடுப்படியிலிருந்து கொல்லைக்கும், அவள் பின்னால் துணி எல்லா அறையையும் சுற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் கோலாலம்பூருக்கே போய்விடலாமென்று பேருந்து ஏறினாள். முந்தானை கதவில் சிக்கி, சுங்கச்சாவடியையும் தாண்டிச் சாலையோரமாகப் பச்சைக் கோடு போட்டுக்கொண்டு போனது, கார்கள் அதை மிதிக்காமல் விலகிப் போயின. கோலாலம்பூரில் அவளுடைய கலைஞர் நண்பர்கள் கைதட்டினார்கள். எப்படிச் செய்தாய், உள்ளே எந்திரமா, அடையாளத்தின் முடிவின்மையைக் காட்டிவிட்டாய் என்றார்கள். ஒரு கலைக்கூடத்துக்காரர் வெள்ளைச் சுவர் கொண்ட பெரிய கூடத்தைக் காட்டி, மூன்று மாதம் இங்கே வந்து நின்றால் போதும் என்றார். "இது நான் செஞ்சு காட்டினது இல்ல. எனக்கு நடந்துக்கிட்டு இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் வந்த கோட்டைப் பிடித்துக்கொண்டே ஊருக்குத் திரும்பினாள்.

வீட்டில் தெய்வானை மடித்துக்கொண்டிருந்தாள். முதல் நாளிலிருந்தே அவள் வேலை அதுதான், மகள் கொல்லையில் நின்று வெறிபிடித்ததுபோல் தன் புடவையைத் தானே இழுத்துப்போட, அம்மா ஓரம் ஓரமாகச் சேர்த்து, தட்டி, மடித்து அடுக்கினாள். அன்று மாலை புஷ்பலீலா இழுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அன்னிக்கு ஏம்மா வாயத் தொறக்கல?"

தெய்வானை மடித்ததைத் திரும்ப உதறி மடித்தாள். "தொறந்தா அழுதுருப்பேன். நிச்சயத்துல மாப்ள வூட்டு அம்மா கண்ணீர் விட்டா அந்தக் கல்யாணத்துக்கு ஆகாதுன்னு சொல்வாங்க. பல்லக் கடிச்சுக்கிட்டேன்."

"அவனுக்கு ஆகணும்னு எனக்கு ஆகாதவளாயிட்டே."

"ஆமா," என்றாள் தெய்வானை. "தப்புத்தான். ஒரு நிமிசத்துல நடந்துருச்சு. அப்புறம் எத்தன தடவ வாயத் தொறந்தாலும் அந்த நிமிசம் வர மாட்டேங்குது." மடிப்பை நீவிக்கொண்டே, மகளைப் பார்க்காமலே, "நான் ஒண்ணு கேக்கவா? இது முடிஞ்சு, உள்ள அந்த நீலச்சட்ட தெரிஞ்சா, நீ போயிருவியா?"

"எங்க?"

"எனக்கென்ன தெரியும். அங்க."

புஷ்பலீலா பொய் சொல்லத் தெரியாதவள். "தெரியலம்மா," என்றாள். அம்மா தலையாட்டிவிட்டு அடுத்த மடிப்பைத் தொடங்கினாள். போக மாட்டேன் என்ற சொல் மகளுக்கு வரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் வாய்வரைக்கும் வந்த அந்தச் சொல்லின்மேல் நடேசமூர்த்தி பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். தம்பி கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருக்க, ரூபிணி கை நீட்டி முடிச்சுப் போட, தான் கீழே நாற்காலி வரிசையில் கைதட்டப்போகிற ஒருநாள் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகும் இந்த வீட்டில் தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நாள் வந்தது. கல்யாண மண்டபம் முழுக்கப் பச்சை, மணவறைக்குத் திரை, தூண்களுக்குச் சுற்று, சாப்பாட்டு மேசைக்கு விரிப்பு, எல்லாம் அவள் உடம்பிலிருந்து வந்தது. பெரியப்பா அவளுக்கு ஒரு வேலையும் கொடுத்திருந்தார், வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்க வேண்டும். பெரிய பொறுப்பு என்றார். மணவறையிலிருந்து மிகத் தூரமான இடமும் அதுதான் என்பதை அவர் சொல்லவில்லை. அவள் வாதாடவில்லை. பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, வந்தவர்களுக்கெல்லாம் தெளித்தாள். அவள் முந்தானை வழக்கம்போல் வாசல் தாண்டி, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி, மண்டபத்துக்குள்ளேயே திரும்ப வந்து நடைபாதையில் கிடந்தது.

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை பறந்தது. யோகேந்திரன் தனுஷ்யாவின் கழுத்தில் தாலிக்கயிற்றைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டான், இன்னொரு முடிச்சுப் போட்டான், பிறகு கயிற்றின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். பின்னால் நின்ற ரூபிணி கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"குடுங்க அண்ணே," என்றாள் ரூபிணி.

"இரும்மா. அக்கா வரட்டும்."

மூன்றாவது முடிச்சு விழாமல் மேளத்தை நிறுத்தக் கூடாது, அதனால் மேளக்காரர் கொட்டிக்கொண்டேயிருந்தார். நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பிச் சிவந்தது. கையில் அட்சதை தீர்ந்தவர்கள் வெறுங்கையை வீசினார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார், யோகேந்திரன் யாரையும் பார்க்கவில்லை, எங்கே கயிறு நழுவிவிடுமோ என்று விரலைப் பார்த்துக்கொண்டு மாலைக்குள் வியர்த்துக் கொட்டினான். நிச்சயதார்த்தத்தில் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பயல்தான். ரூபிணி நீட்டிய கையை மெல்ல மடக்கி ஓரடி பின்னால் நகர்ந்தாள். நாங்கள் எல்லாரும் நாற்காலியில் திரும்பி வாசலைப் பார்த்தோம்.

எத்தனையோ கூட்டத்துக்கு முன்னால் நின்று காட்டியவளுக்கு அன்றைக்குக் கால் வரவில்லை. ஒருவரும் தன்னைப் பார்க்காமல் இருந்தால் தேவலை என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தாள். செம்பைக் கீழே வைத்தாள். நடந்தாள்.

பெரியப்பா நடைபாதையில் இறங்கி வந்து நின்றார். "நில்லும்மா. சொன்னது மறந்து போச்சா?" அவள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஒரு பெண்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்க அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவு கெட்டவர் இல்லை அவர். அதனால் அவள் பின்னால் தழைந்துபோன முந்தானையின்மேல் காலை வைத்தார். ஒரு காலை வைத்தார், பிறகு இன்னொரு காலையும் வைத்தார். கோயில் தலைவரின் முழு எடையும் அந்தப் பச்சைத்துணியில் நின்றது.

அவள் நடந்துகொண்டேயிருந்தாள். புடவை கிழியவில்லை, இறுகவில்லை, அவளைப் பிடித்து நிறுத்தவுமில்லை. அவர் காலடியில் கிடந்தது கிடந்தபடியே இருக்க, அவள் இடுப்பிலிருந்து புதிதாக வந்துகொண்டிருந்தது. நாங்கள் இழுத்தபோது எங்கள் ஊர் முழுக்கப் போனதே, அது ஒரு மண்டபத்தின் நீளத்துக்கா குறைந்துவிடும்.

மேடை ஓரத்தில் தெய்வானை எழுந்து நின்றாள். ஊர் பார்க்க, சபை பார்க்க, மாப்பிள்ளையின் அம்மா கண்ணீர் விடக்கூடாது என்று யார் சொன்னார்களோ அவர்களெல்லாம் பார்க்க, அவள் அழுதுகொண்டிருந்தாள், அதைத் துடைக்கவுமில்லை.

"நல்லா மிதிங்க சம்பந்தி," என்று மேளத்துக்கு மேலே கத்தினாள். "எம்மக வர்ற தூரத்துக்கு அது வரும்!"

புஷ்பலீலா மேடை ஏறினாள். தம்பி கயிற்றின் முனைகளை அவள் கையில் வைத்தான், அவன் விரல் மரத்துப்போயிருந்தது. தனுஷ்யா தன் பின்னலை ஒதுக்கிக்கொண்டு கழுத்தைத் தாழ்த்தினாள்.

"இறுக்கிப் போடுங்க, அண்ணி," என்றாள்.

அவள் இறுக்கிப் போட்டாள்.